ஆறாம் நம்பர் மெஷின் பாடின கச்சேரி

வேலம்பாளையத்துல தண்டாயுதபாணியோட காதைப் பத்தித் தெரியாத ஆள் கிடையாது. கீழே பனியன் துணி பின்னற மெஷின் எட்டு, மேலே ஊடு. எட்டும் ஓடுற இரைச்சல்ல எதிர்ல நிக்கறவன் கத்தினாலே விளங்காது. ஆனா இவர் மாடியில காப்பியை உறிஞ்சிக்கிட்டே, "மூணாம் நம்பர்ல ஊசி தட்டுது, போய்ப் பாருங்கப்பா"ம்பார். போய்ப் பார்த்தா தட்டும். அப்படி ஒரு காது. இப்பக்கூட மெஷின் பழுது பார்க்கற பிட்டர் மூக்கையா மாசம் ஒருக்கா உடைஞ்ச ஊசியோட வந்து, "நேத்து நீங்க சந்தேகப்பட்ட மாதிரியே ஆயிருச்சு மொதலாளி"ன்னு நிப்பான். எப்பச் சந்தேகப்பட்டோம்னு இவருக்கு நினைப்பிருக்காது. இருந்தாலும் மீசையைத் தடவிக்குவார்.

உள்ளுக்குள்ள மட்டும் ஒரு பயம். கொஞ்ச நாளா செல்போன் மடியிலேயே அடிச்சாலும் தெரியறதில்லை. காது போச்சுன்னா அப்புறம் தண்டாயுதபாணின்னு ஒருத்தன் எதுக்கு? அதை யார்கிட்ட வாய்விட்டுச் சொல்றது? அந்த நேரம் பார்த்து, கூட்டாளி அழகுமலை பெரிய ஸ்பீக்கர் வாங்கிட்டு, "உனக்கெல்லாம் இது விளங்காதுப்பா"ன்னுட்டான். வந்துச்சு பாருங்க ரோசம்!

கோயமுத்தூர்க் கடையிலிருந்து ராபின் ஒரு ஜோடியைக் கொண்டாந்து ஹால்ல நிறுத்தினான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், நல்ல மரியாதை. ஸ்பீக்கர் ஒவ்வொண்ணும் நெஞ்சு உசரம். ஜோடி பதினாலு லட்சம். அமைதியா இருக்கணும்னு அவன் கேட்டதால எட்டு மெஷினையும் நிறுத்தியாச்சு.

தண்டாயுதபாணி மொதல்ல ரெண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தச் சொன்னார். எக்ஸ்போர்ட் பீஸுக்குப் பார்க்கற மாதிரி, இடது வலது கலர் ஒத்துப் போகுதான்னு குனிஞ்சு குனிஞ்சு பார்த்தார். முன்னால மூடியிருந்த துணியை ரெண்டு விரல்ல பிடிச்சுத் தேய்ச்சார்.

"பாலியஸ்டருங்களா? பதினாலு லட்சத்துக்கு இன்னும் கனமாப் போட்டிருக்கலாமுங்க."

"சார், துணி சத்தத்தை மறைக்காம இருக்கணும்லா, அதான் மெலிசு" என்றான் ராபின். அவனுக்கு வேர்த்தது.

வயலின் போட்டான். "மேல் ஸ்தாயிச் சத்தம் எப்படிச் சன்னமா வருது பாத்தியளா சார்?" பார்த்தார். பஞ்சு மூட்டைக்குள்ள யாரோ பேசற மாதிரித்தான் இருந்துச்சு.

"வயலின் நிஜத்துல எப்படிக் கேக்கும்னு நமக்கெப்படிங்க தெரியும்? தெரிஞ்ச சத்தத்தைப் போட்டாத்தான் ஸ்பீக்கரோட யோக்கியதை தெரியும். இதைப் போடுங்க." காலையில ஆறாம் நம்பர் மெஷின்கிட்ட நின்னு பதிவு பண்ணின செல்போனை நீட்டினார்.

ராபின் இந்தத் தொழில்ல என்னென்னமோ பார்த்தவன். இதைப் பார்க்கலை. போட்டான்.

ஆத்தாடி! ஆறாம் நம்பர் மெஷின் படியேறி வந்து சோபா பக்கத்துல நின்னுருச்சு. ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்துச்சு. தண்டாயுதபாணி கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "மெஷின் சுத்தமா ஓடுதுங்க. அப்படியே இருக்கு."

சமையக்கட்டிலிருந்து சம்சாரம் தெய்வாத்தாள் கரண்டியோட வந்தாள். "ஏனுங்க, ஊசி தட்டுதுங்களே!"

"ஊசியா? ஸ்பீக்கர்ல கோளாறா இருக்கும் புள்ள."

ராபினுக்கு முகம் செத்துப்போச்சு. "ஐயோ சார், பெட்டியைப் பிரிச்சே ரெண்டு நாள்தான் ஆவுது. எனக்கும் கேக்குது சார், டிக் டிக்னு. அது உங்க மெஷின்லதான்."

"என் மெஷினைப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா?" ஆனா குரல்ல சுதி இறங்கிருச்சு. ஒண்ணு ஸ்பீக்கர் கெட்டது, இல்லை காது கெட்டது. ஆறாம் நம்பரைப் பார்க்கும்படி மூக்கையாவுக்குச் சொல்லியனுப்பினார்.

மூக்கையா பத்து நிமிசத்துல மேலே வந்தான். உள்ளங்கையில உடைஞ்ச ஊசி. தோள்ல கிடந்த துணியில, அந்த ஊசி விட்ட இடம் மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே நேர்கோடா ஓடியிருந்துச்சு.

"மன்னிச்சுக்கங்க மொதலாளி. இன்னைக்கு அம்மா போன் போடலையா, அதான் பாக்காம விட்டுட்டேன்."

"எந்தப் போனு?"

மூக்கையா நாக்கைக் கடிச்சுக்கிட்டான். தெய்வாத்தாள் தலையைக் குனிஞ்சாள்.

"ரெண்டு வருசமாச்சுங்க" என்றாள். "தட்டறது எனக்கு மேல வரைக்கும் கேக்கும். உங்களுக்குக் கேக்கறதில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. மூக்கையாகிட்டச் சொல்லிருவேன். நீங்க சந்தேகப்பட்டதாச் சொல்லுன்னு நாந்தான் சொன்னேன். இன்னைக்குக் காலையில கிரைண்டர் சத்தத்துல எனக்கும் காதுல விழலை."

ஹால்ல ஈ பறந்தாக் கேக்கும். அவரைத் தவிர மத்தவங்களுக்கு. தண்டாயுதபாணி கோவந்தான் வரும்னு பார்த்தார், வரலை. ரெண்டு வருசம் இவ ஒருத்தி இவர் மானத்தைத் தூக்கிச் சுமந்திருக்காளே, இது தெரியாம ஊர்பூரா மீசையைத் தடவிட்டுத் திரிஞ்சோமேன்னு வெக்கமா இருந்துச்சு.

ராபின் மெதுவா வயரைக் கழட்டக் குனிஞ்சான்.

"இருங்க தம்பி. அதையே திரும்பப் போடுங்க" என்றார். அப்புறம் சோபாவுல தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். "இங்க வா புள்ள. கரண்டியை வெச்சுட்டு வா. எப்பெப்பத் தட்டுதுன்னு சொல்லு."

தெய்வாத்தாள் பக்கத்துல உட்கார்ந்தாள். மெஷின் ஓட ஆரம்பிச்சுச்சு. மாவு ஒட்டின விரலால அவர் முழங்கையில தட்டினாள். கொஞ்சம் விட்டு மறுபடி ஒரு தட்டு. மறுபடி ஒண்ணு.

அவர் ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டினார். கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருந்துச்சு.

"நல்ல ஸ்பீக்கருங்க தம்பி" என்றார். "ஒண்ணுகூடத் தப்பலை."