சிவப்பு அட்டைச் சொற்கள்

அன்று மதியம் பயிற்சி அறையில் இருந்தவர்கள்: ஸ்பானிஷ் டீச்சர், டைமரும் கையுமாகச் சூப்பர்வைசர், என் அக்கா வீட்டுக்காரரான மாமா, அப்புறம் நான். மற்றவர்கள் காலையிலேயே தேர்வில் தோற்று வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்குக் காப்பீடு விற்கும் கம்பெனி. போன இடத்தில் கால் முறிந்தவர், பையைத் தொலைத்தவர் எல்லோரும் எங்களுக்குத்தான் போன் செய்வார்கள். நானும் மாமாவும் நைட் ஷிப்ட்டில் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த ஷிப்ட்டை மூடுகிறார்கள். பகலில் ஸ்பானிஷ் பிரிவு தொடங்குகிறது. அதில் மிச்சம் ஒரே ஒரு இடம்.

அந்த இடம் எனக்கு வேண்டும். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே சேர்ந்ததிலிருந்து ராத்திரித் தூக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. பகலில் கண்ணை மூடினால் குக்கர் கத்தும், காலிங் பெல் அடிக்கும். மாமாவுக்கும் அதே கதைதான்; ஒரே வீடு. "யாருக்குக் கிடைச்சா என்னடா, நம்ம வீட்டுக்குத்தானே வருது" என்றாள் அக்கா. தூக்கம் வீட்டுக்குப் பொதுவாக வருவதில்லை.

டீச்சருக்கு ஒரு வழக்கம். ஆங்கிலம் போலவே இருந்து வேறு பொருள் தரும் ஸ்பானிஷ் சொற்களைச் சிவப்பு அட்டையில் எழுதிச் சுவரெல்லாம் ஒட்டிவைப்பார். 'ரோப்பா' என்றால் கட்டும் ரோப் இல்லை, துணிமணி. 'ஸோப்பா' சோப்பு இல்லை, சூப். 'கார்ப்பெத்தா' தரையில் விரிக்கும் கார்பெட் இல்லை, ஃபைல். அட்டைச் சொல்லில் ஏமாறுகிறவர் எழுந்து நிற்க வேண்டும். அடுத்தவர் ஏமாந்தால்தான் உட்காரலாம்.

மாமா பாதி வகுப்பை நின்றே முடித்தார். எந்த ஆங்கிலச் சொல்லானாலும் 'ஆ', 'ஓ' என்று ஒரு வாலை ஒட்டி ஸ்பானிஷாக வீசிவிடுவார்.

"என்ன மாமா, உங்களுக்கு நாற்காலியே தேவைப்படாது போலிருக்கே?"

"கால் கடுக்குது மச்சான். நீ ஒரே ஒரு தப்பு பண்ணேன், புண்ணியமாப் போகும்."

நான் பண்ணவில்லை. சுவர் முழுக்க எனக்கு மனப்பாடம். பல் தேய்க்கும்போதும் பஸ்ஸில் தொங்கும்போதும் அட்டைகள் கண்ணுக்குள் ஓடின. ஆங்கிலச் சாயல் அடித்தாலே அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டு, சுற்றி வளைத்துப் பேசப் பழகினேன். டீச்சர் என்னைத்தான் மெச்சினார்.

தேர்வன்று அட்டைகளைக் கழற்றிவிட்டார்கள். மாமாவை வெளியே அனுப்பினார்கள். இருவருக்கும் ஒரே கேள்வி. டீச்சர் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து வாடிக்கையாளராக நடித்தார். நான் ஹெட்செட்டை மாட்டினேன்.

"என் புருஷன் படியில விழுந்துட்டாரு! எழுந்திருக்க முடியலை! ஏதாவது பண்ணுங்க!" ஸ்பானிஷில் அழுதார். நன்றாகவே அழுதார்.

ஆம்புலன்ஸ் அனுப்புகிறோம் என்று சொன்னால் போதும். 'ஆம்புலான்சியா' என்று வாய்வரை வந்துவிட்டது. அப்படியே ஆங்கிலத்தின் அச்சு. அதனாலேயே எனக்குச் சந்தேகம். இது சுவரில் இருந்ததா? ஜன்னல் பக்கமா, சுவிட்சுக்குக் கீழேயா? சுவரில் இல்லையென்றாலும், ஒட்ட மறந்திருக்கலாமே?

"நோயாளியைத் தூக்கிப்போக ஒரு பெரிய வெள்ளை வண்டி அனுப்புகிறோம்" என்றேன். இலக்கணம் சுத்தம்.

"என்ன வண்டி?"

"ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் வண்டி."

"ஐயோ, அவர் இன்னும் சாகலைங்க!"

சூப்பர்வைசர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் வேறு வழியில் சொல்லிப் பார்ப்பதற்குள் டைமர் அடித்தது. முடித்தவர் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம் என்றார்கள். உட்கார்ந்தேன்.

மாமா வந்தார். டீச்சர் அதே அழுகையை அழுதார். மாமா முழுதாகக் கேட்கவே இல்லை. "செஞ்ஞோரா! ஆம்புலான்சியா! இப்பவே ஆம்புலான்சியா!" என்று கத்தினார். அப்புறம் எந்தத் தெரு, எந்த மாடி என்று உடைந்த ஸ்பானிஷில் கேட்டு வாங்கினார். ஒரு வினைச்சொல்கூட உருப்படியில்லை. டீச்சர் அழுகையை நிறுத்தி நன்றி சொன்னார்.

"டீச்சர், அந்த வார்த்தை சரிதானா?" என்று கேட்டேன்.

"சரிதான். நிறைய வார்த்தைங்களுக்கு இங்கிலீஷ்ல இருக்கிற அதே அர்த்தம்தாங்க. நான் ஒட்டினது ஏமாத்துறதை மட்டும்தான்."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ஒண்ணுகூடத் தப்பாச் சொல்லலையே. அவரு தப்புத் தப்பாச் சொன்னாரு, எது தேறும், எது தேறாதுன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

சூப்பர்வைசர் புது அடையாள அட்டையை மாமாவின் கழுத்தில் மாட்டி, பகல் பிரிவைக் காட்ட அழைத்துப்போனார். நானும் நடைவழியில் பின்னாலேயே போனேன், எதற்கென்று தெரியாமல்.

கதவருகே மாமா திரும்பினார். "மச்சான், நான் வேணும்னா அவங்ககிட்ட..."

"நடிக்காதீங்க மாமா. உள்ளே போங்க."

"நடிக்கலைடா."

நிஜமாகவே நடிக்கவில்லையோ என்னவோ. என்னால் சொல்ல முடியவில்லை. சூப்பர்வைசர் கதவைத் திறந்து பிடித்தார். உள்ளே வரிசையாக ஜன்னல்கள், எல்லாவற்றிலும் வெயில். மாமா உள்ளே போனார். கதவு மூடியது. பூட்டு விழுந்தது.