நடுங்கும் கைக்கு ஒரு காரணம்

"அந்தத் தம்ளரைக் கீழ வைங்க மாமா" என்றாள் தம்பி மனைவி.

கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அண்ணன் வைக்கவில்லை. பிராந்தித் தம்ளர் அவர் கையிலேயே நின்றது. கட்டிலில் தம்பி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"ஒரு வாய்தானேம்மா. தூங்கட்டும்."

"மருந்தைக் கூட்டிக் கூட்டிக் குடுத்தும் மனசு ஏன் தேறலை, குடிக்கிறாரான்னு இன்னிக்கு டாக்டர் கேட்டாரா இல்லையா? நீங்க 'சேச்சே'ன்னீங்க. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். போன வாரம் மாடி விளிம்புல நின்னவரை யாரு இழுத்துட்டு வந்தது?"

அவர் பார்வை தம்ளருக்குப் போனது.

கண்ணாடி வெட்டுவதில் தம்பி கெட்டிக்காரன். சில நாள் தலைகால் புரியாத துள்ளலும் பல நாள் எழுந்திருக்க முடியாத சோர்வுமாக அவன் மனம் அவனைப் பந்தாடியபோது டாக்டர் மாத்திரை எழுதினார். மனம் அடங்கியது. விரல்கள் மட்டும் லேசாக நடுங்கின.

"என்னப்பா, கை ஆடுது?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டார்: "நேத்து கொஞ்சம் ஓவர்!"

கடையே சிரித்தது. குடிக்கிறவனை முதுகில் தட்டிக்கொடுக்கும் தெரு, மனசுக்கு மருந்து சாப்பிடுகிறவனைக் கண்டால் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஒதுங்கும். நாளடைவில் அந்தப் பொய்க்கு வாசனையும் தேவைப்பட்டது. முதல் பாட்டிலை வாங்கி வந்தவர் அண்ணன்தான். பிறகு தம்பிக்கு அது இல்லாமல் முடியவில்லை.

இப்போது அண்ணன் தம்ளரைக் கீழே வைத்தார். "காலையில டாக்டர்கிட்ட நானே சொல்றேன்" என்றார். தம்பி அப்போதுதான் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினான்.

சொன்னார். குடியோடு சேர்ந்தால் மருந்து வேலை செய்யாது, சோர்வுதான் கூடும் என்ற டாக்டர், குடியை நிறுத்தவும் தனியாக மருந்து கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அண்ணனுக்கு.

கொஞ்ச நாள் கழித்து அதே வாடிக்கையாளர் ஜன்னல் கண்ணாடிக்கு வந்தார்.

"என்ன தம்பி, நேத்தும் ஓவரா?"

"இல்லீங்க" என்றார் அண்ணன். "அது நான் சொன்ன பொய். அவன் மனசுக்கு மாத்திரை சாப்பிடுறான். கை நடுங்குறது அதனாலதான்."

வாடிக்கையாளரின் சிரிப்பு வற்றியது. "அட, கண்ணாடி மாட்ட இவனை இத்தனை நாள் வீட்டுக்குள்ள விட்டிருக்கேனே! வெறும் குடிகாரன்னுல்ல நம்பியிருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தம்பி அடுத்த கண்ணாடியை மேசையில் கிடத்தினான். "அளவுகோலை அழுத்திப் புடிண்ணா. கை ஆடுது."

அண்ணன் இரண்டு கையாலும் பிடித்தார்.

"என் கை இல்லண்ணா" என்றான் தம்பி. "உன் கை."