லீலா வீட்டு மாடியில் சீனுவின் புகை

மைசூரில் ஒரு மனிதனின் மூச்சு நூற்றைம்பது ரூபாய்க்குப் போகிறது. பீடி, சிகரெட்டை விடும் முகாமுக்கு ஆள் சேர்ப்பவர்களுக்குத் தலை ஒன்றுக்கு ஒரு டிரஸ்ட் கொடுக்கிற விலை அது, பேரம் கிடையாது. சேர்ந்தவன் நிஜமாகவே விட்டுவிட்டால், அவன் நெஞ்சில் குடியிருந்த புகை மூக்கு வழியாக இறங்கி, சேர்த்துவிட்டவர் வீட்டுக்கு நடந்துபோய் மாடியில் தங்கிவிடும். தெருவில் யாரும் நின்று பார்ப்பதில்லை. வழியை மறித்தால் பஸ்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

கொள்ளேகாலிலிருந்து வந்த சொர்ணலதா இந்த வேலையில் சீனியர். டீக்கடை வாசலில் அழுகிய நுரையீரல் படத்தைக் காட்டுவாள்; ஆட்கள் பதறிப்போய், பதற்றம் தீர ஒரு பீடி பற்றவைப்பார்கள். லீலா நேற்று வந்தவள். பக்கத்தில் உட்கார்ந்து, "முதல் பீடி யார் குடுத்தாங்க?" என்று கேட்பாள், அவ்வளவுதான். அவள் மாடியில் மேகமே படுத்திருந்தது. சொர்ணலதா மாடியில் மூன்று குட்டிப் புகை. அதில் ஒன்று ஊதுவத்தியோ என்று அக்கம்பக்கத்தில் சந்தேகம்.

சொந்த வீட்டு ஆளைச் சேர்த்தால் காசு கிடையாது. அதனால், என் புருஷனை நீ சேர், உன் புருஷனை நான் சேர்க்கிறேன் என்று மாற்றிக்கொள்வது அவர்களுக்குள் வழக்கம். சொர்ணலதாவின் புருஷன் சீனு, பெயிண்டர். இருமல் முற்றிச் சாரம் ஏற முடியாமல் கிடந்தான். இப்படியே பீடி குடித்தால் அடுத்த மழைக்காலம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அக்கா, அண்ணனை நான் கேக்கட்டா?" என்று லீலா வந்து நின்றாள். "என் ஆளு மேல கண்ணு வெக்காத, ஹோகம்மா!" என்று கன்னடத்தில் விரட்டிவிட்டு சொர்ணலதா கதவைச் சாத்தினாள். தன் புருஷன் புகை இன்னொருத்தி மாடியிலா?

சீனு தானே போய் லீலாவிடம் சேர்ந்தான். முதல் பீடி கல்யாணத்தன்று மாமனார் கொடுத்தது என்று, பெண்டாட்டியிடம் ஒருநாளும் சொல்லாததை அவளிடம் சொன்னான். மழை வருமுன் இருமல் நின்றது. அவன் புகை வாசலில் கொஞ்சம் தயங்கிவிட்டு லீலா வீட்டுப் பக்கம் திரும்பியது. சொர்ணலதா அந்த மாடி வரை பின்னாலேயே ஓடினாள்.

"என் வீட்டுக்காரர் புகையைக் குடுடி!"

"நானா கட்டி வெச்சிருக்கேன்? கூப்பிடுங்கக்கா, வந்தா கூட்டிட்டுப் போங்க."

கல்யாணமான நாளிலிருந்து வாயில் எடுக்காத பெயரைச் சொல்லி, "சீனு!" என்று சொர்ணலதா கூப்பிட்டாள். புகை தலையைத் தூக்கிப் பார்த்தது, மறுபடி படுத்துக்கொண்டது.

இப்போது சீனு சாரத்தில் நின்று விசிலடிக்கிறான். வடாம் காயவைக்கிற சாக்கில் சொர்ணலதா தினமும் லீலா மாடிக்குப் போய், அவன் புகை யார் புகையோடும் ஒட்டி உட்காராமல் காவல் இருக்கிறாள். லீலா காப்பி கொடுக்கிறாள், இவள் வாங்கிக் குடிக்கிறாள். சீனுவுக்கு மூச்சு வரவு, லீலாவுக்குப் புகை வரவு. சொர்ணலதா சொல்லவேண்டிய நன்றி ஒன்று, இன்றுவரை பாக்கி.