நாளைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்

ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் மனைவி வலது பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவனுக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. "காதுக்கருவியில் பதிவான நேரமும் பார்க்கப்படும்" என்று காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த குறுஞ்செய்தியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான்.

கிடங்கில் பதினோரு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் இடது காது அடியோடு போய்விட்டது. மிச்சமிருந்த காதில் பேச்சு கேட்டது. ஆனால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது பிடிபடவில்லை. ஒருநாள் ஹாரன் வலப்பக்கம் என்று நினைத்து வண்டியை இடப்பக்கம் ஒடித்தான். அங்கே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர் மயிரிழையில் தப்பினார். மேனேஜர் அன்றே சாவியை வாங்கிக்கொண்டு அவனை ஸ்டிக்கர் ஒட்டும் மேசைக்கு அனுப்பிவிட்டார். எட்டு மாதத்துக்கு முன் அந்த இடது காதில் அறுவை சிகிச்சை செய்து, காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கேட்கும் கருவியை வைத்தார்கள். அதன் வெளிப்பகுதியை நாள் முழுக்க மாட்டியிருந்தால்தான் மூளை பழகும் என்று அப்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

"எந்திரிச்சதும் மாட்டிடுவார் மேடம்," என்றாள் மனைவி பெருமையாக, செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டிடம்.

ஆடியாலஜிஸ்ட் கருவியைக் கம்ப்யூட்டரில் இணைத்துவிட்டுத் திரையையே பார்த்தார். "சராசரியா நாளைக்கு ஒன்னே முக்கால் மணி நேரம்னு காட்டுதே."

மனைவி அவன் பக்கம் திரும்பினாள். அவன் தரையைப் பார்த்தான்.

"தெருமுனை வரைக்கும் மாட்டிட்டுப் போவேன். அப்புறம் கழட்டிச் சட்டைப்பையில போட்டுடுவேன்."

"எட்டு மாசமாவா?" அவள் குரல் உடைந்தது.

"பொண்ணு கூப்பிட்டா, தகரத்தை அரத்தால தேய்க்கிற மாதிரி இருக்கு. அதுவே பழகிட்டா அவளோட நிஜக் குரல் மறந்துபோயிடுமோன்னு பயம்."

ஆடியாலஜிஸ்ட் கோபப்படவில்லை. "மறக்காது. நல்ல காதுல அந்தக் குரல் அப்படியேதான் இருக்கு. அதை வெச்சுத்தான் மூளை இந்தத் தகரச் சத்தத்தைச் சரிபண்ணிக்கும். ரெண்டு காதும் சேர்ந்து கேக்கணும். இப்ப நல்ல காதே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யுது. இப்படியே விட்டா மூளை இந்தப் பக்கத்தைக் கண்டுக்காமயே இருந்துடும்."

"இனிமே மாட்டினா சரியாயிடுமா?" என்று கேட்டான்.

"எவ்வளவு தேறும்னு சத்தியம் பண்ண முடியாதுங்க. மாட்டலைன்னா தேறாது. அது மட்டும் நிச்சயம்."

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். "இனிமே இந்தப் பக்கம்தான். சண்டை போடறதா இருந்தாலும் இந்தப் பக்கம்தான்."

அன்றிலிருந்து காதுக்குப் பயிற்சியாக மகள் பக்கத்து அறையிலிருந்து போன் செய்வாள். அவள் பேச்சு நேராகக் கருவிக்குள் மட்டும் போகும். அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, அவன் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"தண்டனை," என்றான் ஒருநாள்.

"தலையணைப்பா! ஆனா தண்டனை எனக்குத்தான்."

சிரித்தான். ஆனாலும் பத்துக்கு மூன்று தேறுவதற்குள் அவனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிடும். காலம் கடத்திவிட்டோமோ என்ற நினைப்பு ஸ்டிக்கர் மேசையிலும் அவனை விடவில்லை.

மூன்று மாதம் கழித்து நடந்த சோதனையில் அரைவட்டமாக ஸ்பீக்கர்களை வைத்திருந்தார்கள். கண்ணை மூடி, சத்தம் வந்த திசையில் கை காட்ட வேண்டும். இருபதில் பன்னிரண்டு சரி. கருவி இல்லாமல் ஐந்துதான். மேனேஜருக்குப் போன் செய்து சொன்னான். "அடுத்த டெஸ்டும் முடியட்டும், பார்க்கலாம்," என்றார் அவர். சாவியைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் சாலையைக் கடக்கக் காலை எடுத்து வைத்தபோது எங்கோ சைக்கிள் மணி அடித்தது. அவன் சட்டென்று இடப்பக்கம் திரும்பி மனைவியின் கையைப் பிடித்து இழுத்தான். அந்தப் பக்கமிருந்தே வந்த சைக்கிள் அவர்களை உரசிக்கொண்டு போனது.

கேட்டுத்தான் திரும்பினானா, குருட்டாம்போக்கில் அமைந்ததா? அவனுக்கே தெரியவில்லை. இன்னொரு மணி அடிக்காதா என்று அங்கேயே நின்றான்.

"வாங்க, சிக்னல் மாறிடும்," என்றாள் அவள்.