பத்தொன்பதாம் இடத்து ஏரி

முகாமின் வாசலிலேயே ராக்ஸி வண்டியை மறித்தாள். கோடை முழுக்க அந்த ஏரிக்கரை முகாமைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். கையில் அட்டை, காதிடுக்கில் பென்சில்.

"பத்தொன்பதாம் நம்பர் இடமா கேட்டிருக்கீங்க? யோசிச்சிட்டீங்களா மெர்ல்? கரண்ட் கிடையாது, தண்ணிக்குழாய் கிடையாது, தரை வேற பின்பக்கமா சரியுது. ஆறாம் நம்பர் காலி. எல்லா வசதியும் உண்டு."

"ஆறுலேருந்து என்ன தெரியும்?"

"கக்கூஸ் தெரியும். சுத்தமான கக்கூஸ். நானேதான் கழுவுறேன்."

மெர்ல் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் அப்படிப்பட்ட இடத்தைக் கேட்டு வாங்குகிற ஆள் அவர்தான்.

இருபது வருஷம் அவரும் மனைவி லவானும் இந்தக் கேரவனில் ஊர் ஊராகச் சுற்றினார்கள். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. அவருக்குச் சமதரை வேண்டும், மின்சாரம் வேண்டும், கழிவுநீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். அவளுக்குப் பின் ஜன்னலில் ஏதாவது தெரிய வேண்டும்.

"குழாயைப் பாக்கவா ஆயிரம் மைல் வந்தோம்?" என்பாள்.

"உன் மலையில பிளக்கைச் செருகினா காப்பி மெஷின் ஓடுமா?" என்பார்.

ஸ்டியரிங் அவர் கையில் இருந்தது. ஆகவே ஜெயித்ததும் அவர்தான்.

மூன்று கோடைக்கு முன்பு இதே பத்தொன்பதாம் இடத்துக்கு வந்தார்கள். சரிவைக் கண்டதும் அவர் இறங்கக்கூட இல்லை, வண்டியைத் திருப்பிவிட்டார். அறுபது மைல் தூரம் லவான் வாய் திறக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவள் படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று நெடுஞ்சாலையோரத்தில், ஒரு டயர் கடைக்குப் பின்னால் இடம் பிடித்தார். எல்லா வசதியும் இருந்தது. ஜன்னலில் தெரிந்தது டயர் கடையின் மஞ்சள் சுவர்.

"சுவத்துல வெயில் நகர்றதுகூட நல்லாத்தான் இருக்கு மெர்ல்," என்றாள் ஒரு நாள். ஆறுதலுக்குச் சொன்னாளா, குத்திக் காட்டினாளா என்று அவர் கேட்கவில்லை. பத்தாம் நாள், கேட்பதற்கு அவள் இல்லை.

அன்றிலிருந்து அந்தச் சுவர் அவர் தூக்கத்தில் வந்து நிற்கிறது. இந்த ஏரியை ஒரே ஒரு முறை அந்த ஜன்னலுக்குள் கொண்டுவந்துவிட்டால் சுவர் விலகும் என்று நம்பித்தான் இவ்வளவு தூரம் ஓட்டிவந்திருந்தார். பக்கத்தில் அவளுடைய இருக்கை சாலையைப் பார்த்தபடி இருந்தது. அதன் மேல் அவளுடைய பச்சைக் கம்பளிச் சட்டை. வண்டி நின்றதும் இரண்டு முன் இருக்கைகளையும் பின்பக்கமாகச் சுழற்றிவிட்டு, பின்னாலுள்ள நீள ஜன்னல் வழியே வெளியே பார்ப்பது அவள் வழக்கம். அவள் போனபின் அவர் சுழற்றவே இல்லை. இருக்கைகளுக்கு அடியில், சுழற்றுவதற்கான இரண்டு பிடிகளும் துருப்பிடித்து இறுகிப்போய்விட்டன.

"பின்னாடி நின்னு நான் கை காட்டட்டுமா?" என்றாள் ராக்ஸி.

"எனக்கு ஆள் இருக்கு."

வாய் தவறி வந்துவிட்டது. ராக்ஸி காலி இருக்கையைப் பார்த்தாள். பிறகு நகர்ந்துகொண்டாள்.

கேரவனைப் பின்னால் எடுப்பது ஒற்றை ஆள் வேலையில்லை. மனைவி பின்னால் நின்று கை காட்டுவாள், புருஷன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி வருவான், இருவரும் கத்திக்கொள்வார்கள். அக்கம்பக்கத்தார் மடக்கு நாற்காலியும் பீருமாக வந்து வேடிக்கை பார்ப்பார்கள். இன்றும் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

"பெரியவரே, ஒரே தடவையில உள்ள போயிட்டா ஒரு பீர் உங்களுக்கு!" என்றான் ஒருவன்.

லவானுக்கு ஒரே ஒரு விதிதான். "கண்ணாடியில நான் தெரியறவரைக்கும் வா. தெரியலன்னா அந்த நொடியே நில்லு. இல்லாட்டி என்னைக் கொன்னுடுவே, கிழவா."

மெர்ல் ரிவர்ஸில் போட்டார். கண்ணாடியைப் பார்த்தார்.

லவான் நின்றிருந்தாள்.

கை காட்டும்போது எப்போதும் போடுகிற அதே ஆரஞ்சுத் தொப்பி. கன்றுக்குட்டியைக் கூப்பிடுவதுபோல இரண்டு விரலை மட்டும் மடக்கி மடக்கி அழைத்தாள். வா. இன்னும் வா. அவருக்குப் பயமே வரவில்லை. எங்கே போய்விடுவாளோ என்ற கவலைதான். தலையாட்டிக்கொண்டே அங்குலம் அங்குலமாக வந்தார். எவ்வளவு மெதுவாக வந்தால் அவ்வளவு நேரம் அவள் தெரிவாள்.

இடத்தின் எல்லையில் தடுப்பாக ஒரு மரக்கட்டை கிடந்தது. பின் சக்கரம் அதில் மோதியது. உளுத்த கட்டை பொடிந்து வழிவிட்டது. லவான் அதற்கும் அப்பால் நின்றிருந்தாள். அவள் நிற்கிற இடத்தில் தரை இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அதற்குக் கீழே நாற்பதடிப் பள்ளம், பிறகு தண்ணீர். விரல்கள் மடங்கின. வா.

"வர்றேன்," என்றார் மெர்ல்.

கண்ணாடியில் ஏரி மட்டும் இருந்தது.

அவர் நினைப்பதற்குள், இருபது வருஷம் பழகிய கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

ராக்ஸி ஓடிவந்து கதவை அறைந்தாள். "உங்களுக்கென்ன பைத்தியமா? தொண்டை கிழியக் கத்தறேன், காதுல விழல? இன்னும் ஒரு முழம் வந்திருந்தா நான் போலீசுக்குப் போன் போட்டுட்டு நின்னிருப்பேன்! யாரைப் பாத்துத் தலையை ஆட்டிட்டு வந்தீங்க?"

மெர்ல் அவள் சொன்னபடி வண்டியை எட்டடி முன்னால் எடுத்தார். அவளே சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தாள். நாற்காலிக்காரர்கள் நாற்காலியை மடக்கிக்கொண்டு போனார்கள்.

அவர் ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் ஏரி, முன்னால் கண்ணாடி. வெயில் சாயும்வரை கண்ணாடியையே பார்த்தார். யாரும் வரவில்லை.

ராக்ஸி ஒரு கோப்பைக் காப்பியோடு வந்தாள். "எப்படி இருக்கு உங்க ஏரி?"

"இன்னும் பாக்கல."

"அடப்பாவி மனுஷா, அதுக்குத்தானே உயிரை விடப் பாத்தீங்க!" காப்பியை ஜன்னல் வழியே நீட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மெர்ல் தன் இருக்கைக்கு அடியில் கையை விட்டுப் பிடியை இழுத்தார். கோப்பையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். துரு உடைந்து கிறீச்சிட, இருக்கை மெல்லச் சுழன்றது. பின் ஜன்னல் முழுக்க ஏரி நிறைந்திருந்தது. அக்கரை மலை தண்ணீரில் தலைகீழாகச் சிவந்து கிடந்தது. சுவர் எங்கும் இல்லை.

"நீ சொன்னது சரிதான்," என்று சொல்லப் பக்கத்தில் திரும்பினார்.

அவளுடைய இருக்கை ஏற்கெனவே ஏரியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதன் அடியில், தரைவிரிப்பின் மேல், உடைந்த துரு புதிதாக உதிர்ந்து கிடந்தது. அவர் எந்தச் சத்தமும் கேட்டிருக்கவில்லை.

மெர்ல் கோப்பையைக் கீழே வைத்தார், ஓசைப்படாமல். இந்த முறை அவள் பார்த்து முடிக்கட்டும் என்று வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.