ஒரு முழுக் கார்

என் மனைவி கல்பனாவுக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை. ஊரில் எல்லோரும் அவளைக் கார் செய்கிற பெண் என்பார்கள். உண்மையில் அவள் மாட்டுவது, பின்னால் வரும் வண்டியைப் பார்க்கிற இடது பக்கக் கண்ணாடி. கார் நகர்ந்து வரும், மாட்டுவாள், அது போகும், அடுத்தது வரும். ஆறு வருஷமாக இதே வேலைதான்.

ஒரு தப்புக்கூட விடாததற்காகப் போன மாதம் கம்பெனியில் அவளுக்குப் பரிசுக் கூப்பன் கொடுத்தார்கள். கூப்பன் கிடைத்த மற்ற பெண்கள் மிக்சி, குக்கர் என்று வாங்கினார்கள். என் சம்சாரம் வாங்கி வந்தது பொம்மைக் கார். அதுவும் முழுசாக இல்லை; ஒன்றோடு ஒன்று பொருத்திச் செய்ய வேண்டிய பிளாஸ்டிக் கட்டைகள். டப்பாவின் மேல் 18+ என்று அச்சடித்திருந்தது. அந்த எண்ணை சினிமா போஸ்டரில் மட்டுமே பார்த்திருந்த என் அம்மா செங்கம்மாள், பதறிப்போய் டப்பாவைத் துண்டு போட்டு மூடினாள்.

"ஐய, அத்தே! இது பெரியவங்க செய்யுற காரு. அவ்ளோதான்."

"பெரியவங்களுக்கு இன்னாத்துக்குடி பொம்மை?"

நியாயமான கேள்விதான். ஆனால் கல்பனா அன்று சாயங்காலமே வேலையில் இறங்கிவிட்டாள். நெல் புடைக்கும் முறத்தில் சிவப்புக் கட்டைகள், சல்லடையில் கறுப்பு, இட்லித் தட்டின் குழிகளில் பொடிசுகள். மறுநாள் எங்களுக்கு நாஷ்டா உப்புமா.

எனக்குச் சோழவரம் ஏரிப் பாசனத்தில் நிலம் இருக்கிறது. கை சும்மா இருந்து பழக்கமில்லை. ஒரு கட்டையை எடுத்து, இது இங்கேதானே என்று வைக்கப் போனேன். கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"கைய வச்ச, அவ்ளோதான் மாமா. மொத்தமும் நானேதான் செய்யணும்."

"ஒண்ணே ஒண்ணு வெக்கறேன்டி."

"ஒண்ணுகூட கெடையாது. அங்க நான் ஒத்தக் கண்ணாடிய மாட்டிக்கினு நிக்கிறேன். இன்ஜின் எப்டி உள்ள போவுதுன்னு எட்டிப் பாக்கக்கூட நேரமில்ல. ஒரு காராவது அடிலேர்ந்து முடியற வரைக்கும் என் கையால ஆவணும்."

அவள் அப்படிச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்வதுதான் மரியாதை. நான் மூடவில்லை. "சூப்பர்வைசரம்மா, இன்ஜினுக்கு ஆயில் ஊத்தட்டுமா?" "சோழவரத்துப் பழைய ரேஸ் டிராக் பக்கத்துலதானே கீது, எப்ப ஓட்டப்போற?" என்று போகும்போதும் வரும்போதும் சீண்டினேன்.

அவளோ நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, கட்டை பொருந்தும் 'டக்' சத்தத்துக்கெல்லாம் தானாகச் சிரித்தாள். ஒருநாள் சக்கரத்தை உருட்டினால் இன்ஜினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கியது. உடனே மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மா கரண்டியும் கையுமாக வந்து, "அட, இன்னொரு தபா உருட்டுடி!" என்றாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு நிஜமாகவே பொறாமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வயலிலிருந்து வந்தபோது கார் ஏறக்குறைய முடிந்திருந்தது. கதவு திறந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பியது. நான் கால் கழுவிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன்.

"மாமா, இங்க வா." என் உள்ளங்கையில் சின்னத் துண்டு ஒன்றை வைத்தாள். "இத நீ மாட்டு."

"மொத்தமும் நானேதான்னு சொன்னியே?"

"சொன்னேன். ஆனா லீவு நாள்லகூட இத நான் மாட்ட மாட்டேன்."

கையைப் பார்த்தேன். இடது பக்கக் கண்ணாடி.

சிரிப்பு வந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன். கல்பனா குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"கோணலா கீது. கழட்டிட்டு மாட்டு."

கழற்றி மாட்டினேன்.

"இன்னும் கோணல்."

மறுபடி கழற்றினேன். என் தடித்த விரல்களுக்குள் அந்தப் பொடிசு நிற்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாடி இது, ஒரு கண்ணாடி மாட்ட இத்தினி பேஜாரா?"

"இதத்தான் மாமா," என்றாள் கல்பனா, "ஆறு வருஷமா யார்னா கேப்பாங்களான்னு பாத்துக்கினு இருக்கேன்."