வீரபத்திரரின் இடது கண்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கேட்டால் மழுப்புவேன். சேலம் அம்மாபேட்டையில் பித்தளைச் சாமான்களுக்குப் பாலிஷ் போடும் கடைக்கு எங்கள் வீட்டுக் குத்துவிளக்கை எடுத்துப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். அவர் கொண்டுவந்த துண்டு மூட்டையைக் கடைக்காரர் பிரித்தார். உள்ளே பித்தளைத் தகடு, அதில் வீரபத்திரர். கையில் கத்தி, கேடயம்; காலடியில் ஆட்டுத்தலையோடு கும்பிட்டு நிற்கும் தட்சன். தலைமுறை தலைமுறையாகப் புளி போட்டுத் தேய்த்ததில் மூக்கும் மீசையும் மழுங்கியிருந்தன. பக்தி கூடக் கூடச் சாமிக்கு முகம் குறைந்துகொண்டே வரும் போலிருக்கிறது. கோபமெல்லாம் வெள்ளியில் பதித்த கண்களில்தான் மிச்சம். அதிலும் இடது கண்ணைக் காணோம். அதை அந்தப் பெண் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.

"புளி போட்டுத் தேச்சனுங்க, கையோட வந்துருச்சு. இப்பவே வெச்சுக் குடுத்துருங்க. இன்னைக்குப் பொழுதோட சாமி பொறப்படுதுங்க."

"இன்னைக்கு ஆவாதும்மா. ஈயம் உருக்கிப் பத்த வெக்கணும். நாளைக்கு வாங்க."

அவர் தகட்டை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். நின்ற நேரம் முழுக்கக் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

வானம் கறுத்திருந்த அந்தப் பிற்பகலில்— (வேண்டாம். மழை வந்தால் திருவிழாவே நின்றுவிடும்.)

தெய்வத்தின் பார்வை என்பது உண்மையில்— (கட்டுரை வாடை அடிக்கிறது.)

பஸ்ஸில் இடம் கிடைத்தும் வசந்தாமணி உட்காரவில்லை. (இது இருக்கட்டும்.)

பெயர் நான் வைத்தது. ஊரைப் புதுச்சத்திரத்துப் பக்கம் வைத்துக்கொள்வோம். சாமியைத் துலக்குவது பங்காளிகளுக்குள் வருசத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். இந்த வருசம் வசந்தாமணி வீட்டு முறை. அவள் மகன் சிவக்குமார் போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறான். தினமும் காலையில் கூப்பிடுகிறவன் நேற்றும் கூப்பிடவில்லை, இன்றும் கூப்பிடவில்லை. இவள் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப்.*

* அந்தப் பெண் போனைப் பார்த்தது வேறு எதற்காகவும் இருக்கலாம். மகளுக்குப் பிரசவ நேரமாக இருந்திருக்கலாம். நான்தான் கெட்டதை நினைத்தேன். வீட்டில் யாராவது கொஞ்சம் தாமதித்தாலே என் புத்தி ஆஸ்பத்திரி வரைக்கும் போய்த் திரும்பிவிடும்.

3

வசந்தாமணியின் கணவர் நாச்சிமுத்துவைச் சிரிப்புக்காகத்தான் கொண்டுவந்தேன். லாரி டேங்கில் ஓட்டை விழுந்தால் அடைக்கும் பசையோடு சாமி முன்னால் வந்து நிற்கும் புருசன். நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, பூசாரிகிட்டச் சொல்லீரலாமுங்க. பின்னமான சாமியத் தூக்கக் கூடாதும்பாங்க."

"சொன்னா கோயில் நோம்பியே நின்னு போயிரும். பையன் அங்க என்ன ஆனான்னு தெரியாத நேரத்துல சாமி நோம்பிய நிறுத்தறதா? கண்ணக் குடு இப்படி."

பசையைப் பிதுக்குவதற்கு முன்னால் அவர் மகனுக்கு இன்னொரு தடவை போன் போட்டுப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு நான் யோசித்து வைத்திருந்த வேடிக்கைப் பேச்சையெல்லாம் எடுத்துவிட்டேன். பசை இறுகிய பிறகுதான் இருவரும் பார்த்தார்கள். கண் திரும்பி ஒட்டிக்கொண்டிருந்தது. நேராக முறைத்துக்கொண்டிருந்த வீரபத்திரரின் இடது கண் இப்போது இடப்பக்கமாகப் பார்த்தது.

4

கோயிலில் சாமியைக் கிழக்குப் பார்த்து வைத்தார்கள். ஆகவே அந்தக் கண் வடக்கே போனது.

முதலில் கவனித்தவள் அத்தாயி, பங்காளி வீட்டு மருமகள். அவள் மகன் தனபாலும் அதே போர்வெல் வண்டியில்தான் இருக்கிறான். நேற்றிலிருந்து அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

"அக்கா, சாமி வடக்க பாக்குது பாருங்க! நம்ம பசங்க இருக்கற பக்கம்!"

பெண்கள் கூடிவிட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தாயி அழுதாள். அழுது முடித்துவிட்டு நேராகப் பந்தியில் போய் உட்கார்ந்து இலை போடச் சொன்னாள்.

வசந்தாமணி பந்தி ஓரமாக வந்து நின்றாள். உண்மையைச் சொன்னால் அத்தாயிக்கு அந்தச் சோறு இறங்காது. சொல்லாமல் விட்டு, அங்கே பசங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால்—

(இந்த வரியில் என் கை நின்றுவிட்டது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

5

முடிவு ஒன்று: வசந்தாமணி பூசாரியிடம் ஒப்புக்கொள்கிறாள். உடனே போன் அடிக்கிறது. "அம்மா, இங்க டவரே இல்ல." எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். உண்மை சொன்னதற்குக் கூலியாக மகனைக் கொடுப்பதா? அப்படியானால் சொல்லாதவர்கள் பெற்ற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

முடிவு இரண்டு: அவள் வாய் திறக்கவில்லை. போன் அடிக்கிறது. தெரியாத நம்பர். மறுமுனையில் இந்தியில் யாரோ—

இதை முடிக்க மாட்டேன். அம்மாபேட்டையில் பார்த்த பெண் இங்கே ஏதோ ஒரு ஊரில் நிஜமாகவே இருக்கிறார். நான் எழுதி, அது பலித்துவிட்டால்? எழுதுகிறவன் இதற்கெல்லாம் பயப்படலாமா என்று கேட்பீர்கள். பயமாகத்தான் இருக்கிறது.

6

ஆகவே போனைத் தொடாமல் எழுதுகிறேன்.

வசந்தாமணி பந்தியில் அத்தாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொன்னாள். "கண்ணு கழண்டுருச்சு அத்தாயி. நாங்கதான் லாரிப் பசைய வெச்சு ஒட்டுனோம். கோணலா ஒட்டிக்கிச்சு. சாமியா ஒண்ணும் வடக்க பாக்குலே."

அத்தாயி கையிலிருந்த சோற்றைத் திரும்ப இலையில் வைத்தாள். இந்த இடத்தில் அவளை எழுந்துபோக வைக்கலாம் என்றிருந்தேன். திட்டுவதற்கு இரண்டு வரிகூடத் தயாராக இருந்தது. அவள் அதையெல்லாம் சொல்லவில்லை. குனிந்து, பக்கத்து இலைக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"நல்லா ஒட்டீருக்குதுங்களாக்கா? தூக்கீட்டு ஆடறப்ப கழண்டுறாதுங்களே?"

"கழலாது."

"பூசாரிகிட்ட வாயத் தொறந்துறாதீங்க."

வெளியே மேளம் ஆரம்பித்துவிட்டது. போன் இன்னும் அடிக்கவில்லை. ஒரே ஒரு வாக்கியம் எழுதினால் அடித்துவிடும். எனக்குத் தைரியமில்லை, அதை நீங்கள் எழுதுங்கள். என்ன எழுதுவதாக இருந்தாலும் கொஞ்சம் பொறுத்து எழுதுங்கள். அத்தாயி இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.